நாலு விரல் சட்டம்

“சுவர்ல வெறும் கண்ணாடியே போதும்மா. சுத்தி மரச்சட்டம் போட்டா கடை சின்னதா தெரியும்,” என்றார் கட்டிங் மாஸ்டர்.

தையற்கடை முதலாளியம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “கடை உங்களுதா, என்னுதா?”

“போட்டே ஆகணும்னா ஒல்லியா போடுங்க. அகலமா மட்டும் வேணாம்.”

“நீங்க வேணாம்னா எனக்கு வேணும்!” அவள் அளவெடுக்க வந்திருந்த தச்சர் பக்கம் திரும்பினாள். “நாலு விரல் அகலம், பூ வேலையோட அடிங்க.”

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் போனார்.

சாயங்காலத்துக்குள் சட்டம் ஏறிவிட்டது. ஜெயித்த மிதப்பில் அவள் தன் மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல எதிரே இருந்த கண்ணாடியின் இடது ஓரத்தை நோட்டமிட்டாள். அங்கே மரப்பூதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் தைக்கிறவர்களை ஏழு வருஷமாக அவள் வேவு பார்த்தது அந்த ஓரத்தில்தான்.

பின்னால் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“எல்லாருக்கும் டீ சொல்லட்டுமா?” என்று மாஸ்டர் சாவகாசமாகக் கேட்டார்.