கோட்டில் குத்திய ஆந்தை

"பயப்படாதேப்பா. ஜட்ஜும் நானும் லா காலேஜ்ல ஒரே மாணவர் சங்கம். என் கோட்டுல இருக்கிற இந்தச் சங்கத்து ஆந்தை பேட்ஜைப் பார்த்தாலே மனுஷன் உருகிடுவார்!"

நெப்ராஸ்காவின் அந்தச் சின்னக் கோர்ட் வாசலில், கட்சிக்காரன் டூயிக்குத் தைரியம் சொன்னார் வக்கீல் ஹாஸ்கெட்.

"உங்களைத்தான் சார் மலைபோல நம்பியிருக்கேன்!" என்று தழுதழுத்த டூயி, அவரை இறுகக் கட்டிக்கொண்டான்.

உள்ளே நுழைந்ததுமே நீதிபதியின் முகம் மலர்ந்தது. ஹாஸ்கெட் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அடடே, நம்ம சங்கத்துப் பிள்ளையா! எந்த வருஷம்பா?" என்று கேட்டார் நீதிபதி, டூயியைப் பார்த்து.

ஹாஸ்கெட் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். ஆந்தை இருந்த இடத்தில் ஊசி குத்திய ஓட்டைதான் இருந்தது. ஆந்தையோ டூயியின் சட்டையில் பளபளத்தது.

குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு குற்றச்சாட்டை வாசித்தார்.

"ஓடும் பஸ்ஸில், ஏழு பேரிடம் பிக்பாக்கெட்!"