எப்சிபாளின் ஓட்டு

மூட்டை தூக்கும் வேதமுத்துவின் மனைவி எப்சிபாள் செத்து மூன்று வருஷமாகிறது. ஆனாலும் அவள் குரல் அவன் போனில் இருந்தது; கேட்டால் பதில் சொல்லும். இப்போது மெதடிஸ்ட் சபை பழைய பக்கம், புதுப் பக்கம் என்று பிரியப்போகிறது. குரல் மிச்சமிருக்கும் செத்தவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று மேலிடம் அறிவித்துவிட்டது.

"செத்தவங்க எல்லாம் நம்ம பழைய பக்கந்தான்யா. புதுசு எதுவும் அவங்களுக்குப் புடிக்காது," என்று சிரித்தார், சபையில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு 'வகுப்பை' நடத்தும் வகுப்புத் தலைவர் குணசீலன். "இருந்தாலும் பாடம் சொல்லி வச்சுடுவோம்."

"எங்க வீட்டம்மா எதுத்துத்தான் பேசும், ஐயா."

"அதுக்குத்தான் சொல்றேன். தோத்தா கோயில் அந்தப் பக்கத்துக்குப் போயிடும்."

அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவன் வேதமுத்து. போனைக் கொடுத்துவிட்டான்.

வகுப்புக் கூட்டத்தில் "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிற அதே பெஞ்சில் போன்களை வரிசையாக வைத்து, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாப் போன்களும் பிசகாமல் சொல்லின.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தவன் வழக்கம்போலக் கேட்டான்: "எப்சி, குழம்புக்குப் புளி எவ்வளவு போடட்டும்?"

"இத்தனை வருஷம் தின்ன மனுஷனுக்கு அதுகூடத் தெரியாதா?" என்றுதான் தினமும் ஏசுவாள்.

"பழைய விசுவாசத்தில் நிலைத்திருப்போம்," என்றது அவள் குரல்.

அவன் மறுபடியும் கேட்டான். கொஞ்சமும் கோபமில்லாமல் அதையே சொன்னது.