புருவத்துக்கு நடுவே

"அறுபத்திரண்டு வயசுல ஊசி போட்டு அழகு பண்ணிக்கணுமா? கல்யாணம் தம்பிக்கா, உனக்கா?"

சருமக் கிளினிக் வாசலிலேயே யூசன் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுடி, புசான் ஊர் பூரா கேக்கப் போகுது" என்றாள் பில்சூன்.

முப்பது வருஷமாகச் சந்தை முனையில் பன்றி சூப் கடை நடத்துகிறவள் பில்சூன். ஒரு கிரீம் டப்பா வாங்கியதில்லை. இன்னும் பதினைந்து நாளில் மகனின் கல்யாணப் பேச்சுக்கு இரண்டு வீட்டாரும் சந்திக்க வேண்டும். அதற்குள் இப்படி ஒரு ஆசை!

"சம்பந்தி வீட்டு முன்னாடி குமரியாத் தெரியணுமாக்கும்? அரிசி கழுவின தண்ணியில முகம் கழுவு. வெள்ளரிக்காய் வெச்சுக்கோ. போதாதா?"

"நீ ஆபரேஷன் பண்ணிக் கண் இமைக்கு மடிப்பு வெச்சுக்கிட்டப்போ, அரிசித் தண்ணி போதாதான்னு நான் கேட்டேனா?"

யூசன் அம்மாவின் பின்னாலேயே உள்ளே போனாள்.

உள்ளே டாக்டர், சின்னப் பெண், உற்சாகமாக ஆரம்பித்தாள். "கன்னம் தொங்குதும்மா, நூல் போட்டுத் தூக்கிடலாம். இந்தக் கரும்புள்ளிக்கு லேசர். கழுத்துச் சுருக்கத்துக்கு..."

"இங்க மட்டும் போதும்." பில்சூன் புருவங்களுக்கு நடுவே விரலை வைத்தாள். ஆணி அடித்தாற்போல் அங்கே இரண்டு கோடு.

"இதை மட்டும் எடுத்தா வயசு ஒண்ணும் குறையாதேம்மா!"

"குறைய வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

யூசனுக்குப் புரியவில்லை. செலவு செய்வதுதான் செய்கிறாள், முழுசாகச் செய்துகொள்ளக் கூடாதா?

ஒரு வாரத்தில் கோடுகள் மறைந்தன. அப்பா தூமானுக்குத்தான் திண்டாட்டம்.

"இவ இப்போ திட்டறாளா கொஞ்சறாளான்னே தெரியலையே!"

சந்திப்பு நாள் வந்தது. மணப்பெண் ஹாஜின் அப்பாவோடு மட்டும் வந்திருந்தாள். அவர் கப்பலில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசவில்லை.

பில்சூன் பக்கம் கிண்ணத்தை நகர்த்தப் போனாள் ஹாஜின். கை தவறியது. நீர்க் கிம்ச்சி என்ற ஊறுகாய்த் தண்ணீர் முழுவதும் பில்சூனின் வெள்ளைச் சட்டையில்.

ஹாஜினின் முகம் வெளுத்தது. தோள் இரண்டும் குறுகி, கழுத்து உள்ளே போனது. மெல்லத் தலை தூக்கிப் பில்சூனின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் தோள்கள் தாமாக இறங்கின.

"மன்னிச்சிடுங்க... அம்மா."

"எதுக்கு மன்னிப்பு? சூப் கடைக்காரி சட்டையில கறை இல்லாட்டித்தான் அதிசயம். நீ சாப்பிடு கண்ணு."

ஹாஜின் சிரித்தாள். மேஜையே சிரித்தது.

திரும்பி வரும்போது காரில் யூசன் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, அந்த ஊசி... அவளுக்காகவா?"

பில்சூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தாய் இல்லாத பொண்ணு. அப்பா கடல்ல. வளர்த்த பெரியம்மா புருவத்தைச் சுளிச்சா, அடுத்து அடிதானாம். உன் தம்பி சொன்னான். எனக்கோ, ஆவியில நின்னு நின்னு சும்மா இருந்தாலே சுளிச்ச முகம். 'நான் கோவமா இல்லைம்மா'ன்னு அந்தக் குழந்தைகிட்ட தினம் தினம் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"