ரோஜாப் படங்களின் அறை

ஒரு செல்போனின் நினைவுச் சில்லுக்குள்ளே ஓர் அறை இருந்தது. அதில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் படங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு குழந்தையின் சிரிப்பொலியும் இருந்தது.

போனுக்குச் சொந்தக்கார அம்மாள் ரோஜாக்களை எல்லாம் அழித்துவிட்டாள். ஆனாலும் அவை அறையை விட்டுப் போகவில்லை. அங்கே வழக்கம் அப்படி. ஒன்றை மட்டும் தனியாகத் துடைக்க முடியாது; கழுவினால் அறை முழுவதையும்தான் கழுவ வேண்டும்.

"கண்ணு, நீ எங்கேயும் போயிடாதே," என்றது மூத்த ரோஜா, சிரிப்பிடம். "நீ இருக்கிற வரைக்கும் இந்த அறையைக் கழுவ மாட்டாங்க."

"இடத்தை அடைக்கிறேன்னு நேத்துகூட என்னைத் திட்டினீங்களே அத்தை?"

"அது செல்லக் கோபம்டி."

அப்போது அறைகளைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் வந்தான். "புதுப் படத்துக்கு இடமில்லை. சிரிப்பு, நீ பக்கத்து அறைக்கு வா."

"அத்தைமாரும் வரட்டுமே?"

"அவங்களை வேண்டாம்னு சொல்லியாச்சு தாயி."

சிரிப்பைப் பக்கத்து அறையில் எழுதி, பிசகில்லாமல் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே, காவல்காரன் பழைய அறையைக் கழுவினான். சுவர் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது.

விடிந்ததும் புது ரோஜா ஒன்று அங்கே வந்து இறங்கியது.

"அடடா, என்ன சுத்தம்! இங்கே யாருமே குடியிருந்ததில்லை போலிருக்கு."

பக்கத்து அறையிலிருந்து சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"வாங்க அத்தை," என்றது.