எட்டு வளைவு

"இது பாதையா, எறும்பு ஊர்ந்த தடமா?"

சைக்கிள் சங்கத் தலைவர் வரைபடத்தை மேஜைமேல் வீசினார்.

வரைந்தவள் தபால்கார அக்கா. இருபது வருஷமாக இந்த நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அளந்தவள்.

"நூறு கிலோமீட்டர், ஏரிக்கரையோரமா, கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு வழி போடுங்கன்னேன். எட்டு இடத்துல ஏரியை விட்டு உள்ளே வளையுது. பெட்ரோல் பங்க், நூலகம், ரயில் நிலையம்... இதுல என்னம்மா அழகு? வழியெல்லாம் சொந்தக்காரங்க வீடா?"

ஆண்கள் சிரித்தார்கள். சிரிக்கக் காசா, பணமா?

"வந்து பாருங்க சார், தெரியும்."

"என்னத்தைப் பார்க்கிறது? போன வருஷம் ஏழு பொம்பளைங்களும் நாற்பதாவது கிலோமீட்டர்ல வேன் ஏறிட்டீங்க. முதல் ஆள் என் வீட்டம்மா! தெம்பே இல்லை. இதுல பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேற!"

தலைவரின் மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை எங்கள்ல ஒருத்தி வேன் ஏறினாலும், இனிமே நான் பாதை போட மாட்டேன்," என்றாள் அக்கா. "ஏறலேன்னா வருஷா வருஷம் என் பாதைதான்."

"பேச்சு மாறக் கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் ஏரிக்கரையை விட்டு இம்மியும் விலகவில்லை. நாலைந்து தடவை மரமாகப் பார்த்து ஒதுங்கியதோடு சரி. பதினோரு மணிக்கே போய்ச் சேர்ந்து காலை நீட்டிவிட்டார்கள்.

ஒரு மணிக்கு வேன் வந்தது. தலைவர் சிரித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார்.

காலி.

பின்னாலேயே மணியடித்துக்கொண்டு ஏழு சைக்கிள்கள். முன்னால் அவர் மனைவி.

"என்னடி அதிசயம்! போன வருஷம் பாதியிலேயே சோர்ந்து விழுந்தியே? அந்த எட்டு வளைவுல ஊக்க மருந்து ஏதும் குடுத்தாங்களா?"

"போன வருஷமும் நான் சோர்ந்து விழலைங்க. நாற்பது கிலோமீட்டரும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்காம ஓட்டினேன். அதான் மயக்கம்."

"கையிலதான் பாட்டில் இருந்ததே, குடிச்சா என்ன?"

அவள் காலி பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

"குடிச்சா? நீங்க மரத்தைக் கண்டா ஒதுங்கிடுவீங்க, நாங்க எங்கே போறது? அந்த எட்டு வளைவுலயும், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்க ஒரு கதவு இருந்ததுங்க."