வெளிப்பூட்டு

“எது வேணும்னாலும் கேளும்மா. என்னை உங்க அண்ணனா நெனச்சுக்கோ.”

“இப்ப வேணாம் சார். அப்புறம் கேக்கறேன்.”

போன வருடம் பிணவறை வாசலில் மஞ்சுநாத்தும் விஜியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவர் மெத்தைக் கிடங்கின் முதலாளி. அவள், அந்தக் கிடங்கு எரிந்தபோது உள்ளேயே போய்விட்ட அசோகனின் மனைவி.

அதன்பிறகு பெங்களூர் பொம்மனஹள்ளியில் அவளுக்கு யோசனை சொல்லாத ஆளில்லை. வீடு கேள் என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு மௌரீன் அதற்கும் ஒருபடி மேலே போனாள்.

“அந்தாளு அழுதுட்டிருக்கப்பவே கேளுடி. கண்ணைத் துடைச்சுட்டான்னா, நீ யாரும்மான்னு கேப்பான்.”

விஜி சிரித்து மழுப்பினாள். கேட்க வேண்டியது அவளிடம் தயாராகவே இருந்தது. அதற்கான இடம்தான் இன்னும் கட்டி முடியவில்லை.

மஞ்சுநாத் ஜாமீனில் வந்தார். வழக்கு ஊர்ந்தது. ஹெப்பகோடியில் புதுக் கிடங்கு எழும்பிவிட்டது.

இன்று திறப்பு விழா. வாசலில் வாழைமரம். தராசு, தையல் மெஷின், கரண்ட் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஷட்டரில் தொங்கிய புதுப் பூட்டுக்குத் தனியாக ஒரு முழம் மல்லிகை.

விஜி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் சரக்கு வெளியே போய்விடக் கூடாதென்று, ஆட்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுவது மஞ்சுநாத்தின் வழக்கம். சாவி அவர் பையில் இருக்கும்.

தீப்பிடித்த அன்றும் அப்படித்தான். உள்ளேயிருந்து அசோகன் போன் செய்தான். கட்டிக்கொண்ட நாள்முதல் ‘ஏ குண்டு’ என்றே கூப்பிட்டவன், அன்றுதான் பெயர் சொல்லி அழைத்தான்.

“விஜி, சார் என் போனை எடுக்கல. நீ போட்டுச் சாவி கொண்டாரச் சொல்லு.”

அவள் போட்டாள். சார் எடுத்தார். சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

பக்கத்துக் கடைக்காரர்களின் கடப்பாரை அவரை முந்தியது. மெத்தைப் புகை கடப்பாரையை முந்திவிட்டிருந்தது.

“அண்ணி, வீட்டுக்குப் போயேன்.” பிரபா டிபன் டப்பாவோடு வந்து நின்றாள். அசோகனின் தங்கை. முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்த வேலையில் இன்றுதான் சேர்ந்திருக்கிறாள். “நீ இப்படி மொறைச்சா, மொத நாளே என்னைத் தொரத்திருவாங்க.”

சொல்லிவிட்டு மற்றப் பெண்களோடு உள்ளே போனாள்.

மஞ்சுநாத் சாவியோடு வந்தார். பின்னால் பட்டுப்புடவையில் அவர் மனைவி, நாலைந்து விருந்தாளிகள்.

“ஊட்டா ஆய்த்தா, விஜி? வா, எங்களோட சாப்பிடு.” ஷட்டரில் கை வைத்தபடியே விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். “தங்கமான பொண்ணு. இவ்ளோ நாள்ல வாயைத் திறந்து எங்கிட்ட ஒண்ணு கேட்டதில்ல.”

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பாதியில் நின்றது.

விஜி அடியில் தோளைக் கொடுத்து நின்றாள். கேட்டால் பிரபாவின் வேலை போகும். தனக்குத் தருவதாகச் சொன்னதெல்லாம் போகும். போகட்டும்.

“பிரபா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வா.”

“அண்ணி...”

“வாங்கடி வெளிய! தட்டோடவே வாங்க.”

குனிந்து குனிந்து ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். கடைசிப் பெண் வந்தபிறகு விஜி தோளை எடுத்தாள். மஞ்சுநாத்தின் விரலிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள்.

“என்னம்மா இது? என்ன வேணும் உனக்கு?”

“நீங்க உள்ள உக்காந்து சாப்பிடுங்க சார்,” என்றாள் விஜி. “வெளிய நான் பூட்டிக்கறேன்.”