முப்பத்தஞ்சு கிலோ

“இவ்வளவுதானா? இதைவிடப் பெரிசா ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள் மனைவி.

விளையாட்டுச் சாமான் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொங்கவிட்டுக் குத்திப் பழகும் அந்தப் பஞ்சிங் பேக் அவளுக்கு இல்லை; பக்கத்தில் நின்ற கணவருக்கு. அவரோ, ஃபேனை இன்னும் ஒரு புள்ளி கூட்டினால் சுவர்க் காலண்டரோடு சேர்ந்து பறந்துவிடுவார் போல இருந்தார்.

“சார், குத்துறவங்க எடையில பாதி இருக்கணும் பை. அதான் கணக்கு. உங்க எடை என்ன?”

“எழுபது,” என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்தி.

வீட்டுக்காரியாவது உண்மையைச் சொல்வாள் என்று கடைக்காரர் அவளைப் பார்த்தார்.

“குறைச்சுச் சொல்றாருண்ணே. எழுபத்தொண்ணு இருப்பாரு!”

“அப்ப முப்பத்தஞ்சு கிலோ பை. சார், அது சுவர் மாதிரி இருக்கும். மணிக்கட்டு போயிடும். இருபத்தஞ்சே போதுமே?”

“என்னண்ணே நீங்க! இவரு கராத்தே மாஸ்டர். இருபத்தஞ்செல்லாம் இவர்கிட்ட கத்துக்க வர்ற வாண்டுங்க குத்துறது.”

“அப்படிச் சொல்லு!” கணவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். தொங்கிய முப்பத்தஞ்சை ஒரு தள்ளு தள்ளினார். பை அசையவில்லை. அவர்தான் அசைந்தார்.

“நீ பில்லைப் போடச் சொல்லு. நான் வண்டி பேசிட்டு வந்துடறேன்.”

அவர் தலை மறைந்ததும் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த மனுஷனை உசுப்பேத்திவிட்டுக் கையை ஒடிக்கப் பாக்குறீங்களே, நியாயமா?”

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். குரல் இறங்கியது.

“நிஜமாவே எழுபதுதாண்ணே இருந்தாரு. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. இப்ப நாப்பத்தெட்டு. இனிமே கிளாஸே எடுக்க மாட்டேன்னு மூலையில உக்காந்த மனுஷன், நேத்துதான் பை வாங்கலாமான்னு வாயைத் திறந்தாரு. இருபத்தஞ்சைக் கொண்டுபோய் மாட்டினா திரும்பவும் மூலைக்கே போயிடுவாரு.”

கடைக்காரர் பில் புத்தகத்தை மூடினார்.

“உள்ள துண்டுத்துணிதானே அடைச்சிருக்கு?” என்று கேட்டாள் அவள். “பத்து கிலோ உருவிட்டு, அந்த இடத்துல பஞ்சை வச்சிடுங்க. வெளியே ஒட்டின சீட்டு முப்பத்தஞ்சாவே இருக்கட்டும். காசும் முப்பத்தஞ்சுக்கே வாங்கிக்குங்க. நான் தையல்காரி, துணிக்கா பஞ்சம்? மாசம் ஒரு கிலோ, அவர் குளிக்கப் போற நேரத்துல சொருகிடுவேன். அவர் உடம்பு ஏற ஏற பையும் ஏறட்டும்.”

“ஆனா இப்ப வந்துடுவாரேம்மா?”

“பேரம் பேசத்தானே போயிருக்காரு? அரைமணி ஆகும். சங்கிலியைக் கழட்டுங்கண்ணே.”

அரைமணி கழித்து வந்த கணவர், கட்டி வைத்திருந்த பையை அணைத்துத் தூக்கினார். அது சட்டென்று மேலே வந்தது.

திரும்பிப் பார்த்தார். கடைக்காரரின் சட்டையெல்லாம் துணிப்பிசிறு. மனைவியோ மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையை மெல்லக் கீழே இறக்கினார். இடுப்பில் கைவைத்துப் பலமாக மூச்சு வாங்கினார்.

“யம்மாடி, என்ன கனம்! தனியா முடியலை. நீயும் ஒரு கை பிடிம்மா!”